லெப்டினன்ட் தம்பிக்கு அண்ணா வைத்த படையல்

அண்ணாவின் இந்த நினைவு மலரை அச்சிடக் கொடுத்தபோது அச்சகத்தில் இருந்த பிள்ளை முதல் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, "உங்கட அண்ணா ஆமியில இருந்தவரோ அன்ரி?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, பஸ் நிலையத்தில நேரக் காப்பாளர்" என்றேன். அவள் என் முகத்தையும் நான் எழுதிக் கொடுத்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். தாள் முழுக்க லெப்டினன்டும் கப்டனும் மேஜருமாக இருந்தால் அவள்தான் என்ன செய்வாள். அண்ணாவைத் தெரிந்த உங்களுக்கு இதில் புதினமான செய்தி ஒன்றும் இராது. அவர் எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டாகிறது. அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்புத்தான் வருகிறது. பெரியவர்கள் குறை நினைக்கக் கூடாது.

அண்ணா பிறந்தது திருகோணமலைக்குப் பக்கத்தில் சாம்பல்தீவில். ஐயாவுக்குக் கொஞ்சம் தோட்டமும் கொஞ்சம் மீன்பிடியும். வீட்டுக்கு மூத்தவர் அண்ணா, கடைக்குட்டி நான், இடையில் வேறு ஒருவரும் இல்லை. அதனால் அவர் எனக்கு அண்ணாவாக இருந்ததைவிட அப்பாவாக இருந்ததே கூட. ஐயா திடீரென்று கண்ணை மூடியபோது அண்ணா மேற்படிப்புக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். புத்தகங்களை மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் கொண்டக்டராக ஏறினார். பிறகு நேரக் காப்பாளர் ஆனார். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பார்ப்பதுதான் வேலை. குச்சவெளி பஸ் பிந்தி வந்தால் அதன் சாரதி இறங்கி முதலில் அண்ணாவின் முகத்தைத்தான் பார்ப்பார். அண்ணா ஒரு நாளும் ஏசியதில்லை. மணிக்கூட்டை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குப் பயந்தே பலர் நேரத்துக்கு வந்தார்கள்.

எனக்குக் கலியாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்க விட்டார். எனக்கு அண்ணியாக வந்த மச்சாளைக் கட்டிக்கொண்டு பாலையூற்றில் குடியேறினார். நான் சாம்பல்தீவிலேயே இருந்துவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அண்ணா வாய் திறந்து குறைப்பட்டு நான் கேட்டதில்லை. என் மகனைத் தன் மகனாகவே வைத்திருந்தார்.

இனி இந்தக் கடிதப் பைத்தியம் பிடித்த கதைக்கு வருகிறேன். கலியாணம் முடிந்த புதிதில் அண்ணா மச்சாளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வறுத்த கச்சான் கடலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் கச்சான் கடதாசிச் சுருளில்தான் வரும். சுருளைக் கையில் வாங்கிய அண்ணா, கச்சானை அப்படியே மச்சாளின் சேலை மடியில் கொட்டிவிட்டுக் கடதாசியை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அது மங்கிப்போன மையில் சாய்வாக எழுதிய பழைய இங்கிலீஷ் கடிதம். எங்கள் திருகோணமலைக் கோட்டையில் அந்தக் காலம் இருந்த ஒரு இளம் வெள்ளைக்கார லெப்டினன்ட் தன் தாய்க்கு எழுதியது. "புதுப் பெண்டாட்டி பக்கத்தில நிக்கிறன். அந்த மனுசன் கச்சான் சுருளை வச்சுக்கொண்டு கண் கலங்குது" என்று மச்சாள் இப்போதும் சொல்வார்.

அடுத்த நாள் அண்ணா போய் அந்தக் கச்சான்காரியிடம் இருந்த சுருள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கடதாசி அவருக்கு, கச்சான் எங்களுக்கு. எங்கள் வீட்டுக்கும் ஒரு பனையோலை உமல் நிறைய வந்தது. காலையிலும் கச்சான், மாலையிலும் கச்சான். அதன் பிறகு கச்சான் வாசம் வந்தாலே நான் எழுந்து மற்றப் பக்கம் போய்விடுவேன்.

கடதாசி எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு போனதில் கிண்ணியாவில் பழைய சாமான் வியாபாரம் செய்த முஸ்லிம் நானா ஒருவரின் கடை வந்தது. ஒரு பழைய பங்களாவைத் துப்புரவாக்கியபோது அள்ளிக் கொடுத்ததில் அந்தக் கட்டும் இருந்ததாம். மிச்சக் கடிதங்களையும், அவற்றோடு கிடந்த பித்தளைப் பொத்தான் ஒன்றையும் நானா எடுத்துக் கொடுத்தார். "கச்சானுக்கு நான் வேற கடதாசி பாத்துக்கொள்றன் தம்பி. உங்களுக்கு விருப்பமெண்டா இதைக் கொண்டு போங்க" என்றாராம். அன்று தொடங்கிய சிநேகிதம் நானா மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை இருந்தது. சாய்வெழுத்தில் எது வந்தாலும் நானா அதை அண்ணாவுக்கென்று தனியே எடுத்து வைப்பார்.

அந்தக் காலத்தில் தாளும் தபாலும் அருமை போலிருக்கிறது. ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருப்பார்கள். பார்க்க நண்டு வலை போல இருக்கும். தாளைத் தொட்டுத் திருப்பினால் உடைந்துவிடும் என்று அண்ணா அதை மேசையில் அசையாமல் விரித்துவிட்டு, தான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து வாசிப்பார். ஒரு வரிக்கு வடக்கே நிற்பார், அடுத்ததற்குக் கிழக்கே போவார். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், இது என்ன பிரார்த்தனையோ என்று பேசாமல் நின்று பார்ப்பார்கள்.

லெப்டினன்டுக்கு இருபது வயது சொச்சம்தான் இருக்கும். கப்பல் வரும்போது கொடுத்தனுப்பலாம் என்று தாய்க்கு எழுதி எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார். வெயில் தாங்க ஏலாது, நுளம்புக் கடி விடாது, சப்பாத்தில் பூஞ்சணம், இங்கத்தைக் கறி வாயை எரிக்கிறது, அம்மா சுடுகிற பாணும் ஜாமும் கனவில் வருகிறது, வீட்டுக் கூரை ஒழுகினதைத் திருத்தியாயிற்றா. இதுதான் கடிதம். கடைசிக் கடிதம் பாதியில் நிற்கிறது. அண்ணா அவரைத் "தம்பி" என்றுதான் சொல்வார். "அப்ப எனக்கு அவர் என்ன முறை?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்குச் சின்னண்ணன்" என்றார்.

பிறகு சேர்ந்தவை கொஞ்சமல்ல. தொப்பி தொலைந்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கப்டன் எழுதியது, மேஜர் ஒருவர் இரவல் கொடுத்த குடையைத் திருப்பித் தரச் சொல்லி மூன்றாம் முறையாக எழுதியது, குச்சவெளிப் பக்கம் வயலில் அகப்பட்டதென்று கொண்டக்டர் தம்பி ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இடுப்புப் பட்டிக் கொளுக்கி. பீரங்கிக் குண்டு ஒன்றும் வந்தது. அதை மச்சாள் தான் சமைக்கிற குசினிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அண்ணா தூக்கி அலுமாரிக்குள் வைப்பார், காற்றடித்துக் கதவு அடிபட்டால் அது மறுபடி குசினிக்கு வந்துவிடும். வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரருக்கெல்லாம் அண்ணாவின் வேண்டுகோள் ஒன்றுதான்: "வரேக்க சொக்லேட் வேண்டாம், ஒரு கடிதம் கொண்டு வாங்கோ."

தம்பிக்கு என்ன நடந்தது என்று தேடித்தான் அண்ணா கடற்கரைப் பக்கமிருந்த பழைய வெள்ளைக்காரர் கல்லறைச் சேமக்காலைக்குப் போகத் தொடங்கினார். லீவு நாள் என்றால் அங்கேதான். பற்றையை வெட்டி, பாசியைச் சுரண்டி, ஒவ்வொரு கல்லாக வாசித்தார். ஒருநாள் அந்தக் கல் அகப்பட்டது. தேய்ந்துபோன முதலெழுத்து, தம்பியின் குடும்பப் பெயர், காய்ச்சலில் இறந்த நாள். தை மாதத்தில் ஒரு நாள். அண்ணா வீட்டுக்கு வந்து தலைக்கு முழுகிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஐயாவின் திவசத்துக்கு வந்த ஐயரிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். "பெத்த தாய்க்கே தெரியாமல் இஞ்ச கிடக்கிறான். பிள்ளை குட்டியும் இல்லை. இவனுக்கு ஏதாவது செய்யலாமோ ஐயா?" ஐயர் நல்ல மனிதர். "கிறிஸ்தவ வேதக்காரருக்கு நான் மந்திரம் சொல்ல ஏலாது. ஆனா பசிக்கிறவனுக்கு ஒரு இலை போட்டுப் படைக்கிறதுக்கு ஆரும் தடை சொல்லேலாது" என்றார். அது போதும் அண்ணாவுக்கு. அந்தத் தையிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பாலையூற்று வீட்டில் ஒரு தலைவாழை இலை விழுந்தது. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி. படம் இல்லாததால் அந்தப் பித்தளைப் பொத்தான். வாய் எரிகிறது என்று எழுதியவருக்கு உறைப்பு வைக்கலாமா? மிளகாய் போடாத வெள்ளைக் கறி, தேங்காய்ப்பால் சொதி, ஒரு துண்டுப் பாண், ஜாம். சமைப்பது மச்சாள். "ஊர் உலகத்தில ஒருத்திக்கும் இல்லாத மாமன் மச்சான் எல்லாம் எனக்கு. இதுதான் கடைசி" என்று சொல்லிச் சொல்லியே சமைப்பார். அடுத்த தையிலும் அதையே சொல்வார்.

சண்டை மூண்டு கெட்ட காலம் வந்தபோது நாங்களும் எல்லாரையும் போல இடம்பெயர்ந்தோம். மச்சாள் அரிசியும் காணி உறுதிப் பத்திரமும் தூக்கினார். அண்ணா கடிதங்களைப் பால்மா டின்னில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முகாமில் அந்தத் தையிலும் இலை போட்டார். இலை என்ன இலை, ஒரு தாமரை இலையும் நிவாரணப் பாணில் பாதியும்தான். ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை, கடிதமொன்றைப் போட்டோக் கொப்பி எடுக்கப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். பையில் இராணுவக் கடிதம். நடந்த விசாரணையை அண்ணா வாயாலேயே கேட்டிருக்க வேண்டும்.

"இதை எழுதினவர் எந்த முகாம்?"

"கோட்டை முகாம்."

"இப்ப எங்க?"

"சேமக்காலையில."

"ஆர் சுட்டது?"

"ஒருத்தரும் சுடேல்லை, காய்ச்சல்."

அண்ணாவுக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான் அன்றைய ஆபத்து. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பெரிய அதிகாரி ஒருவர் வரும்வரை வெயிலில் குந்தி இருந்தார். வந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்து, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நாங்கள் அன்று வீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து, அந்தப் பெரியவருக்குக் குறுக்கெழுத்துக் கடிதம் வாசிக்கப் பழக்கிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

காலம் மாறியது. என் மகன் லண்டனுக்குப் போனான். மாமாவுக்கென்று சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைகளில் அலைவான். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது ஒரு கடிதம் கொண்டுவந்தான். ஓய்வுபெற்ற கேணல் ஒருவர் பேத்திக்கு எழுதியது. திருகோணமலை என்ற சொல் அதில் இருந்ததால் வாங்கினானாம். அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரித்தார். அந்தத் தாளில் குறுக்கெழுத்து இல்லை, சுற்றி நடக்கவும் தேவையில்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டார். அந்த எழுத்தை அவருக்குத் தன் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். அலுமாரியிலிருந்து மா டின்னை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சாய்வு, அதே வால், கீழே அதே பெயர்.

தம்பி சாகவே இல்லை. அவசரக் கட்டளை வந்து, பெட்டியைக்கூட எடுக்க விடாமல் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். ஊருக்குப் போய், தாயைக் கண்டு, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேத்தியும் கண்டு, கேணலாகி வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்திருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு முறைப்பாடு: இங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை, திருகோணமலையில் சாப்பிட்ட கறியை நினைத்தால் இப்போதும் வாயூறுகிறது.

மச்சாள் அகப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் மிளகாய் போடாமல் ஆக்கினது ஆருக்கு?" என்றார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அண்ணா சிரித்தபடியே அழுதார். அடுத்த நாள் பஸ் நிலையத்துக்குப் போய், பென்சன் எடுத்து எத்தனையோ காலமான மனிதர், தன்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் டொபி கொடுத்தார். "தம்பி சுகமா வீட்ட போய்ச் சேர்ந்திட்டார்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் என் மகனைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோசப்பட்டார்கள்.

மாலையில் வந்து கதிரையில் இருந்தவர் அந்தப் பித்தளைப் பொத்தானை எடுத்துத் துடைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப அங்க படுத்திருக்கிறது ஆர்?"

அந்தக் குடும்பப் பெயர் வெள்ளைக்காரரில் எங்கள் ஊர்க் கந்தசாமியைப் போலப் பரவலானது. அதே பெயரில் இன்னொரு பெடியன். பதவி தெரியாது, வயது தெரியாது, கடிதம் இல்லை, பொத்தானும் இல்லை. தம்பிக்காவது தாய் இருந்தாள், பேத்தி இருந்தாள். இவனுக்கு உலகத்திலேயே இருந்தது எங்கள் வீட்டு இலை ஒன்றுதான், அதையும் இன்னொருவன் பெயரைச் சொல்லிப் போட்டிருக்கிறோம். தை வந்தது. "தம்பிதான் வீட்ட போயிட்டாரே, இனி என்ன படையல்?" என்றார் மச்சாள். "இவ்வளவு காலமும் வந்து சாப்பிட்டவனுக்கு இந்த வருசம் கதவைச் சாத்துறதே?" என்றார் அண்ணா. மச்சாள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை மூட்டினார். உறைப்புப் பிடிக்குமா பிடிக்காதா தெரியாததால் இரண்டு கறி வைத்தார்கள்.

அண்ணாவுக்கு உடம்புக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் மனதை அரித்தது இது ஒன்றுதான். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீடு, காணி, கடிதங்கள் எல்லாம் முன்னமே ஒழுங்கு செய்து வைத்திருந்தார். மச்சாளைப் பார்க்கும்போதெல்லாம், "நான் போனால் அந்தப் பெடியனுக்கு இலை போடுவீரோ?" என்று கேட்பார். பிள்ளை இல்லாத மனிதர், பிள்ளை இல்லாமல் கிடக்கும் ஒருவனுக்காகக் கேட்கிறார். மச்சாள் ஒரு தரமும் பதில் சொல்லவில்லை. "முதல்ல இந்தக் கஞ்சியைக் குடியுங்கோ" என்பார், அல்லது எழுந்து யன்னல் சீலையை இழுத்துவிடுவார். நான் போடுகிறேன் என்று சொன்னேன். அண்ணா என் கையைத் தட்டிக் கொடுத்தார், ஆனால் கண் மச்சாளிடம்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், ஒரு விடியற்காலை, பதில் கிடைக்காமலே அண்ணா போய்விட்டார். எனக்கு மச்சாளில் கோபம் வந்தது. செத்த வீட்டில் அதைக் காட்ட ஏலாது, உள்ளே வைத்துக்கொண்டேன்.

எங்கள் துயரத்தில் தோள் கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. முகம் சுளிக்காமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிப் பிள்ளைகளுக்கும், மழையோடு மழையாக நின்று பந்தல் போட்ட பாலையூற்று அயலவர்களுக்கும், சாம்பல்தீவிலிருந்து அரிசி முதல் விறகு வரை கொண்டுவந்து இறக்கிய உறவுகளுக்கும், கடைசிப் பயணத்தை ஒரு நிமிடமும் பிந்தாமல் நடத்திவைத்த பஸ் நிலைய நண்பர்களுக்கும், கிண்ணியாவிலிருந்து வந்து ஒரு நாள் முழுக்க எங்களோடு இருந்த நானாவின் பிள்ளைகளுக்கும், லண்டனிலிருந்து ஓடிவந்து மாமாவுக்குக் கொள்ளி வைத்த என் மகனுக்கும், கடிதம் தேடிக் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. கடிதங்கள் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் வந்து வாசிக்கலாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் போதும்.

மிச்ச நன்றி மச்சாளுக்கு. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதும். ஆனா அண்டைக்குக் குழம்பில உப்புக் கூடினதை மட்டும் எழுதாதையும்" என்றார்.

அண்ணா போனபின் வந்த முதல் தை அது. அந்த நாளில் மச்சாள் தனியே இருக்கக் கூடாதென்று காலை பஸ்ஸில் பாலையூற்றுக்குப் போனேன். படையல் கதையே எடுப்பதில்லை, மாலையில் என் வீட்டில் பேசாமல் நானே ஒரு இலையைப் போடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாசல் படலையைத் திறக்கும்போதே தாளிக்கிற மணம். உள்ளே இலை போட்டாயிற்று. மெழுகுதிரி எரிகிறது. வெள்ளைச் சோறு, சொதி, உறைப்பாக ஒரு கத்தரிக்காய்க் குழம்பு, பாண், ஜாம். மச்சாள் குந்தியிருந்து பப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அண்ணா அவ்வளவு தரம் கேட்டவர். செய்யத்தான் போறீங்கள் எண்டா, ஒருக்கா ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே மச்சாள்?" என்றேன்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து முடித்தார்.

"ஓம் எண்டு சொன்னா அந்த மனுசன் நிம்மதியாப் போயிடும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "அந்தப் பதிலைக் கேக்கிறதுக்காகவாவது இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் எண்டு பாத்தனான்."